காட்டுவதற்கு ஒரு டிவிடி, கொடுப்பதற்கு ஒரு டிவிடி

என் நிக்காஹை நான் நேரில் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் எந்தப் பெண்தான் பார்த்தாள்? கல்முனைக்குடியில் எங்கள் வீட்டு முற்றத்துப் பந்தலில் ஆண்கள் கூடியிருக்க, வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து என்னை ஒப்புக்கொடுத்தார். நான் உள்ளறையில் தலை நிறையப் பூவோடு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

கல்யாண டிவிடி வந்த பிறகுதான் வெளியே நடந்ததைப் பார்த்தேன். அதில் வாப்பா என் பெயரை முழுதாகச் சொன்னார். பிறந்ததிலிருந்து என்னை ‘மகள்’ என்று மட்டுமே கூப்பிட்டவர். சொல்லும்போது குரல் இடறியது. அன்றைக்கு அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம்.

வாப்பா மௌத்தாகி மூன்று மாதத்தில் அந்தக் குரலைக் கேட்க வேண்டும்போல இருந்தது. டிவிடியில் ஒரு கீறல் இல்லை. பந்தல் சோடனை ஓடியது, மாப்பிள்ளை வந்து இறங்கியது ஓடியது. வாப்பா வந்து உட்காரும் இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கடைசிவரை ஒன்றுமில்லை. கணினியில் போட்டேன்; அது சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே தள்ளியது.

மறுநாள் காலை படம் எடுத்தவரின் கடைக்குப் போனேன். எடுத்த டேப்பில் அப்போதே அடுத்த கல்யாணத்தை எடுத்துவிட்டாராம். டிவிடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஓரத்தால பழுதாகிட்டு, தங்கச்சி. இது சும்மா சாமான். ஒரு கம்பியில நூறு கோத்து வரும். பூச்சும் மெல்லிசு, ஓரத்த ஒட்டினதும் சரியில்ல. எங்கட கடக்கரக் காத்துக்குத் தாங்காது.”

“அப்ப தாங்கிறது எது, காக்கா?”

“ப்ரொபஷனல் எண்டு ஒண்டு வரும். ஒவ்வொண்டும் தனித்தனிப் பெட்டிக்குள்ள. நல்ல பூச்சு, ஓரமும் இறுக்கம். வருசக்கணக்காக் கிடக்கும்.”

“அது உங்களிட்ட இருந்திச்சா?”

“ஓம், இருந்திச்சி. அத கடையில போட்டுக் காட்டுற மாதிரிப் படத்துக்கு வெச்சிருந்தம். ஆக்கள் பாத்துட்டிருக்கக்குள்ள நிண்டா மானம் போயிருமே.”

கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் சொன்னார். ஆள் பிடிக்க நல்ல டிவிடி. காலம் முழுக்க வைத்திருக்கப் போகிறவளுக்குச் சும்மா சாமான்! பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளித் தட்டு. மேலே ரோஜாப் படம் ஒட்டி, தங்க எழுத்துப் பெட்டிக்குள் வைத்துத் தந்தால் யாருக்குத் தெரியும்? இரண்டு வகை இருக்கிறது, எது வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காப்பைக் கழற்றிக் கொடுத்தாவது நல்லதை வாங்கியிருப்பேன். டிவிடியை இன்னொரு கொப்பி எடுத்து வைக்காதது என் பிழைதான். அதற்காக அவரை விடுவதா? நான் போட்ட சத்தத்தில் கடைக்கு வந்த இரண்டு பேர் திரும்பிப் போனார்கள்.

அவர் பதறி அலுமாரியைக் கிளறினார். எங்கள் கல்யாணமும் அந்த மாதிரி டிவிடியில் இருந்ததாம். போட்டார். அல்லாஹ்வே, என்ன துலக்கம்! பந்தல் விளக்குகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். பூச் சோடித்த கார் வந்தது. ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சவனில் குவித்த சோற்றில் ஆவி பறந்தது.

“நிக்காஹ் எங்க?”

“அத ஆரு தங்கச்சி மாதிரியில பாக்கிற? எல்லாக் கல்யாணத்திலயும் அது ஒண்டுதானே.”

ஒரே ஒரு இடத்தில் வாப்பா வந்தார். சவனை இறக்கி வைத்தவர், கமராவை மறைக்கிறோமென்று நினைத்துக் குனிந்து விலகிப் போனார். அங்கேயும் சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டுப் போட்டிருந்தார்கள். அந்த நல்ல டிவிடியை உடைத்துப் போடலாமா என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து என் மாப்பிள்ளையைப் பிடித்தேன். வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் சொன்னதை முகத்துக்கு நேரே கேட்டவர் இவர்தானே.

“மச்சான், வாப்பா என்ட பேர எப்பிடிச் சொன்னாரு? சொல்லிக் காட்டுங்க.”

வலது கையை விரித்துப் பார்த்தார்.

“என்ட கை நடுங்கினதுதான் நினைவிருக்கு, புள்ள.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம், என் முழுப் பெயரையும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அது மச்சானுடைய குரலாகத்தான் இருந்தது.