கையுறை அக்கா துடைத்த கண்

ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் 'கையுறை அக்கா'. தேநீர்க் கோப்பையையும் கையுறையோடுதான் பிடிப்பாள் என்பது கேலிக்காரர்கள் சேர்த்த மசாலா. கதவை முழங்கையால் திறப்பாள் என்பது மட்டும் உண்மை.

வேலை அப்படி. டி.என்.ஏ. மூலப்பிரதி, கல்வெட்டு மாதிரி. பழைய எலும்பிலும் படிக்கலாம். அதைப் பார்த்து உயிரணு எழுதிக்கொள்ளும் நகல்தான் ஆர்.என்.ஏ. அது தொட்டாற்சிணுங்கி. வியர்வையோ எச்சிலோ கண்ணீரோ பட்டால் போதும், சில நிமிடங்களில் தூள்தூளாகிவிடும். அதைத் திசுவிலிருந்து முழுசாகப் பிரித்தெடுப்பது அவள் பொறுப்பு. பதினேழு வருடத்தில் ஒரு குழாயைக்கூடக் கெடுத்ததில்லை. பிறர் கையை நம்பியதும் இல்லை. பக்கத்து மேசைக்காரருக்கு அவள் வைத்த பெயர் 'உலக்கை'.

அவள் தம்பி மகளுக்கு நாலு வயது. தொடையில் கை ஊன்றித்தான் படியேறுவாள், பாதியில் விழுவாள். மரபணுவைப் படித்ததில் ஓர் எழுத்து மாறியிருந்தது. மரபுச் சொற்கள் மூன்றெழுத்துச் சொற்கள். ஆயகலைகள் போல அறுபத்துநான்கு. பொருளோ இருபதும் ஒரு முற்றுப்புள்ளியும்தான். ஆகவே ஒரே பொருளுக்குப் பல சொல். "யானைன்னு இருக்க வேண்டிய இடத்துல களிறுன்னு இருக்கு. பொருள் ஒண்ணுதான், கவலைப்படாதீங்க" என்றார் மருத்துவர். கவலையே பிழைப்பாகக் கொண்டவளிடம் இப்படிச் சொல்லலாமா?

நகலை எழுதியபின் உயிரணு வேண்டாத வரிகளை வெட்டி, மிச்சத்தை ஒட்டும். மாறிய எழுத்தை அது வெட்டுக்குறி என்று நினைத்துவிட்டால்? நல்ல வரியும் போய்விடும். நகலைப் பார்த்தால்தான் தெரியும். காரணம் தெரிந்தால், தம்பி மனைவி வயிற்றில் இருக்கும் மூன்று மாதக் கருவையும் சோதித்துப் பார்க்கலாம். குழந்தையின் தொடையிலிருந்து அரிசியளவு சதை எடுத்தார்கள்.

சொந்தக்காரர் குழாயைத் தொடக்கூடாது என்பது விதி.

"குடுக்கா, நான் பண்றேன்" என்றார் உலக்கை.

"உன் கையா? அது அம்மி தூக்குற கை."

அவளே செய்தாள். சதையைக் குழாயில் இட்டபோது, 'வலிக்காதுன்னு சொன்னியே அத்தை' என்ற குரல் நினைவுக்கு வந்தது. கண் நிறைந்தது. கையுறை விரலால் துடைத்தாள். அதே விரலால் குழாயைத் திறந்தாள். மாலையில் நகலின் தரம் காட்டும் வரைபடம் வந்தபோதுதான் புரிந்தது. இரண்டு கோபுரம் நிற்க வேண்டிய இடத்தில் மண்மேடு; நகல் தூள்தூளாகியிருந்தது.

தம்பி வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

"யாராவது தும்மிட்டாங்களா அக்கா?" என்று கேட்டாள் தம்பி மனைவி.

"நான்தான். அழுதுட்டேன்."

"யாருக்காக?"

"உன் பொண்ணுக்காக."

"அவளுக்காக அழுது அவ தொடையவே மறுபடி அறுக்க வச்சுட்டீங்க." தன் வயிற்றைத் தடவிக்கொண்டாள். "எல்லா வீட்டு நாத்தனாரும் மத்தவங்களத்தான் அழ வைப்பாங்க. உங்களுக்கு அதுகூட ஒழுங்கா வரல."

தம்பி எழுந்து வெளியே போய்விட்டான்.

மறுவாரம் மருத்துவமனைக் கட்டிலில் குழந்தை கேட்டது: "இதையும் தொலைச்சிடுவியா அத்தை?"

"மாட்டேன்டா. நான் தொடவே மாட்டேன்."

குழாய் இருந்த பெட்டியை உலக்கையின் மேசையில் வைத்தாள். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மி தூக்குற கை இது, அக்கா."

"தெரியும்பா. தூக்கு."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். மாலையில் உலக்கை இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார்: இரண்டு கோபுரமும் நிற்கின்றன. நகல் முழுசாக வந்திருந்தது. இனிதான் படிக்க வேண்டும். முழு யானை என்றால் நகலில் குற்றமில்லை, காரணமும் தெரியாது. பாதி யானை என்றால் காரணம் தெரியும். ஆனால் குழந்தைக்கு இந்த மரபு நோய்தான் என்று உறுதியாகிவிடும்; வேறு லேசான நோயாக இருக்கலாம் என்ற நம்பிக்கைக்கே இடமில்லை. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல், கண்ணைத் துடைக்க எடுத்த கையைப் பழக்கதோஷத்தில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.