செல்விக்குச் சொன்ன பிரசென்ட்

மகள் வகுப்புக்கு வரவில்லை என்று இன்று பள்ளியிலிருந்து செய்தி வந்தது. பதறி ஓடினேன். வகுப்பில்தான் இருந்தாள், பெயர் கூப்பிட்டபோது பதில் சொல்லவில்லையாம்.

தொண்ணூறுகளில் இளம்பிள்ளையில் ஆறாவது படித்தபோது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல் 'பிரசென்ட்'. என் தோழி செல்வி தறிவேலைக்காக வீட்டில் நின்றுவிடும் நாட்களில், அவளுக்கும் நானே குரல் மாற்றிச் சொல்வேன்.

ஒருநாள் அவள் அம்மா தூக்குப்போசியுடன் வந்தார். "புள்ள சோத்த மறந்துட்டு வந்துட்டாளுங்க."

சார் பதிவேட்டைப் பார்த்தார். "வந்திருக்காளேம்மா."

"அப்பறம் எங்கீங்க எம்புள்ள?"

"அவ பிரசென்ட்டும் நாந்தானுங்க சொன்னேன்" என்று எழுந்தேன். சார் அடிக்கக்கூட நிற்காமல் சைக்கிளை எடுத்தார். பரீட்சைக்குப் பயந்து ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தவளை மதியம் கூட்டிவந்தார்.

அதன்பின் தினமும் பெயர் கூப்பிடும் நேரத்தில் செல்வியின் அம்மா ஜன்னலில் வந்து நிற்பார்.

இன்று நானும் அப்படியே மகளின் வகுப்பு ஜன்னலில் நின்றேன். "போம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் மகள்.