கோமதியின் பெயரில் ஒரு மின் இணைப்பு

மேடையின் கீழே நின்று கேட்ட தாய்மாரே, திரையின் முன்னே அமர்ந்து படிக்கும் தோழர்களே! ஒரு தறிகூடச் சொந்தமில்லாத பெண்ணை மூன்று தறிகளுக்கு உரிமையாளர் என்று சொல்லி, அவருக்கு முதியோர் ஓய்வூதியம் கிடையாது என்று மறுத்துவிட்டார்கள். குரலை உயர்த்திச் சொல்ல வேண்டிய முறையீடுதான். ஆனால் சங்கரன்கோவில் போய்த் திரும்பிய எனக்கு இப்போது களைப்பே மிகுதி. ஆகவே அமைதியாகவே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு அவ்வூர்த் தெருமுனைக் கூட்டமொன்றில் பேசினேன். "அறுபதைக் கடந்து ஆதரவின்றி இருப்போர் மனுக் கொடுங்கள். மறுத்தால் என்னை அழையுங்கள், வந்து நிற்பேன்" என்றேன். கையொலி எழுந்தது. விசைத்தறித் தொழிலாளி கோமதி அச்சொல்லை மெய்யென்று எடுத்துக்கொண்டார். மனுக் கொடுத்தார், மறுத்தார்கள், என்னை அழைத்தார். ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம், திங்கட்கிழமை புறப்பட்டேன்.

மதுரையிலிருந்து செங்கோட்டை செல்லும் காலைத் தொடர்வண்டி ஏழு மணியை ஒட்டிக் கிளம்புகிறது. ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். முன்பதிவில்லாப் பெட்டியில் நாற்பது ரூபாய்க்குள் முடிந்தது. விருதுநகர் வரை நின்றே வந்தேன். இராசபாளையம் கடந்தால் வலப்புறம் மலை கூடவே வரும். விரும்புவோர் அப்பக்கம் அமர்க. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

நிலையத்திலிருந்து தறிக்கூடங்கள் உள்ள தெருவுக்குத் தானியில், அதாவது ஆட்டோவில், அறுபது ரூபாய். ஓட்டுநர் மைதீன் கடையநல்லூர்க்காரர்.

"என்ன சோலியா வந்தீய அண்ணாச்சி? கோயிலுக்கா?"

"இல்லை. ஓர் ஓய்வூதிய மனு தொடர்பாக வட்டாட்சியர் அலுவலகம் போக வேண்டும்."

"ஆபீசுக்கா! அப்பம் நாளைக்கும் ஒங்களுக்கு வண்டி வேணும்னு சொல்லுங்க. ஒரே நாளுல முடிச்சவன இந்த ஊருல நான் ஏத்துனதே இல்ல" என்று சிரித்தார்.

கோமதிக்கு வயது அறுபத்திரண்டு. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. தறியில் குறுக்கே ஓடும் ஊடைநூலைச் சிறு குச்சிகளில் சுற்றிக் கொடுப்பது அவர் வேலை. தார் சுற்றுதல் என்பார்கள். இப்போது கண் மங்கிவிட்டது. நூல் அறுந்தது தெரியாமல் குச்சி வெறுமனே சுழல்கிறது, கூலி குறைகிறது. திங்கள்தோறும் வரக்கூடிய ஆயிரத்து இருநூறு ரூபாய் ஓய்வூதியத்தைத்தான் அவர் நம்பியிருக்கிறார்.

என்னோடு கிளம்ப அவர் எழுந்ததும், தார் சுற்றிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி உரக்கச் சொன்னாள்: "ஏட்டி, மூணு தறி மொதலாளியம்மா கெளம்பியாச்சு! எந்திச்சு நில்லுங்கட்டி!"

"நிக்காண்டாம், உக்காந்தே கும்பிடுங்க. போனஸு சாயந்தரம் தாரேன்" என்றார் கோமதி.

வழியில் அதன் பொருளைக் கேட்டேன்.

"மீட்டர எம்பேருல போட்டுருக்காவ அண்ணாச்சி. நம்பிக்கையான ஆளு பேருலதான போடுவாவ? அன்னைக்கு எனக்கு ஒரே பெருமை. தெருவுக்கே மிட்டாய் குடுத்தேன்."

செய்தி இதுதான். விசைத்தறிக்கு ஒரு குறிப்பிட்ட அளவு மின்சாரத்தை அரசு கட்டணமின்றித் தருகிறது. அந்தச் சலுகை ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனி. எனவே கோமதியின் முதலாளி தம் கூடத்தின் ஒன்பது தறிகளை மூன்றாகப் பிரித்து மூன்று இணைப்புகள் வாங்கினார். அவற்றில் ஒன்று கோமதியின் பெயரில். சலுகை முதலாளிக்குப் போயிற்று. பெயர் மட்டும் கோமதியிடம் தங்கிற்று. இப்போது அந்தப் பெயரைக் கண்டு, இவர் வசதி படைத்தவர் என்று ஓய்வூதியப் பிரிவு முடிவு செய்துவிட்டது.

அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அலுவலர் கடுமையானவர் அல்லர். என்னைக் காட்டிலும் களைத்திருந்தார்.

"அம்மா பேருல தறி சர்வீசு இருக்குல்லா? சிஸ்டமே தள்ளிருது சார். நான் ஒண்ணும் செய்யல."

"கூடம் இங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். நேரில் வந்து பாருங்கள், உண்மை தெரியும்."

"வரணும்தான். ஆளு எங்க இருக்கு? நாலு பேரு வேலைய ஒத்தையில பாக்கேன். மொதலாளிட்ட பேர மாத்தி வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

முதலாளியிடம் போனோம். அவரும் பெருஞ்செல்வர் அல்லர். பஞ்சு ஒட்டிய சட்டையோடு பழுதான தறி ஒன்றின் அடியில் கிடந்தார்.

"எம்பேருக்கு மாத்துனா மூணையும் ஒரே இணைப்பாக்கிருவாவ அண்ணாச்சி. ஃப்ரீ கரண்டு ஒரு பங்குதான் வரும். பெறவு இந்தத் தறியெல்லாம் பழைய இரும்புக்குத்தான் போடணும்" என்றவர், கோமதியிடம் திரும்பினார். "ஒங்களுக்கு என்னக்கா, அந்த ரூவாதான? மாசாமாசம் நானே தாரேன். விடுங்க."

நான் ஒப்புக்கொள்ளும் நிலையில் இருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். பசி, வெயில், தறியின் இரைச்சல். முடிந்தது, ஊர் திரும்பலாம் என்று தோன்றிற்று. கோமதிதான் ஒப்பவில்லை.

"நீங்க தாரது ஒங்க மனசு மொதலாளி. நாலு நாளு நான் வேலைக்கு வரலன்னா அது மாறிப்போகும். எனக்கு வேல செய்ய முடியலன்னுதான கவர்மெண்ட்டக் கேக்கேன்."

சமூகப் பாதுகாப்பைப் பற்றி நான் மேடைதோறும் ஒரு மணி நேரம் பேசுவதுண்டு. கோமதி அதை மூன்றே வரியில் சொல்லிவிட்டார்.

மீண்டும் அலுவலகம். தறிகள் தம்முடையவை அல்ல, பெயர் மட்டுமே தம்முடையது என்று கோமதி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அலுவலர் அதைக் கையில் வாங்காமலே எச்சரித்தார்.

"இத வாங்குனா விசாரண வரும்மா. அவருக்கும் சிக்கல், ஒங்களுக்கும் வேல போயிரும். யோசிச்சுக்கிடுங்க."

"யோசிச்சாச்சு சார். வாங்கிக்கிடுங்க."

வாங்கிக்கொண்டார். விசாரணைக்கு எப்போது வருவார்கள் என்று கேட்டேன். "வருவாவ" என்றார்.

கோவிலருகே எழுநூறு ரூபாய்க்கு அறை எடுத்துத் தங்கினேன். மறுநாள் காலை கூடத்துக்குப் போனபோது மற்றப் பெண்களின் குச்சிகள் சுழன்றுகொண்டிருந்தன. கோமதி வெறுங்கையோடு அமர்ந்திருந்தார். அவருக்கு மட்டும் நூல் கொடுக்கப்படவில்லை. முந்தைய நாள் கேலி பேசியவள் தலை நிமிரவில்லை.

"இன்னைக்கு நூலு வரலையாம். நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி, ரயிலு போயிரும்" என்றார் கோமதி.

திரும்பும் வழியெல்லாம் ஒன்றையே எண்ணினேன். தறியைக் காக்க ஒரு கையால் மின்சாரம் கொடுத்த அரசு, அதே மின் இணைப்பைக் காட்டித் தொழிலாளியின் ஓய்வூதியத்தை மறு கையால் தடுக்கிறது. இரண்டும் மக்கள் வரிப்பணமே. இணைப்பை எண்ணத் தெரிந்தவர்களுக்குக் கூடத்துக்குள் வந்து தறியை எண்ண ஆளில்லை. நலத்திட்டத்துக்கு நிதி ஒதுக்கிவிட்டு, அதை உரியவரிடம் சேர்க்கும் அலுவலருக்கு நிதி ஒதுக்காமல் விடுவது சிக்கனம் ஆகாது.

இத்தகைய பணிக்குச் செல்வோருக்குச் சில சொற்கள். ஆடித்தபசு நாட்களில் போகாதீர்கள், அறை கிடைக்காது. இரண்டு நாள் ஒதுக்குங்கள். மைதீன் சொன்னது மெய். மனு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். உடன் அழைத்துச் செல்பவருக்கு அன்றைய கூலி போய்விடும் என்பதை மறவாதீர்கள். மதிய உணவாவது உங்கள் பொறுப்பாகட்டும்.

ஆட்சியில் இருப்போரே, உங்களிடம் கேட்பது இது. மறுக்கப்பட்ட மனு ஒவ்வொன்றுக்கும் வீடு தேடிச் சென்று பார்க்க ஆள் போடுங்கள், அதற்குப் பணம் ஒதுக்குங்கள். உண்மையைச் சொன்ன தொழிலாளிக்கு விசாரணை முடியும்வரை ஓய்வூதியத்தைக் கொடுத்து வையுங்கள். கோமதிக்கு இன்று நூலும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. அடுத்த நிதியாண்டு வரை அவரால் காத்திருக்க இயலாது. அந்தக் கூடத்துக்கு ஓர் அலுவலரை அனுப்புங்கள். இன்றே அனுப்புங்கள்.