அத்தை நீட்டிய சந்தனம்

சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். மண்டப வாசலில் யாராவது நீட்டினால் ஒரு விரலால் தொட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விடுவேன். மணக்கிற பொருள்மேல் அப்படி என்ன கோபம் என்று கேட்பவர்களுக்கு என் சொந்தக்காரர்களைப் பற்றித் தெரியாது.

அப்போது எனக்குப் பத்து வயது. மந்தைவெளி மண்டபத்தில் அத்தை மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. அப்பாதான் தாய்மாமன், அவருடைய சீர் வந்தால்தான் சடங்கே தொடங்கும். மேற்கு மாம்பலத்திலிருந்து இரண்டு ஆட்டோவில் போய் இறங்கினோம். பட்டுப்புடவைத் தட்டை இரு கையாலும் ஏந்திக்கொண்டு அப்பா முன்னால் நடந்தார். வாசலில் இடது பக்கம் நின்ற அத்தை, சந்தனக் கிண்ணத்தை நீட்டி ஏதோ சொன்னாள். மேளச் சத்தத்தில் அது கேட்கவில்லை. அப்பா நேராகப் பார்த்தபடி உள்ளே போய்விட்டார். அத்தையின் கை நீட்டியது நீட்டியபடியே இருந்தது.

பந்தியில் சாம்பார் வருவதற்குள் செய்தி மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. அப்பா பதறிப்போய் அத்தையிடம் ஓடி, "நீ அங்க நின்னதையே நான் பாக்கலம்மா" என்றார். சமாதானம் பேச அதைவிட மோசமான வார்த்தையைத் தேடினாலும் கிடைத்திருக்காது. கூடப் பிறந்தவளே கண்ணுக்குத் தெரியவில்லையாம் என்று அத்தை வீட்டுக்காரர் இலை இலையாகப் போய்ச் சொன்னார். திமிர் என்ற சொல்லை ஒரே நாளில் அத்தனை வாயிலிருந்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. வயிறு முட்டச் சாப்பிட்டுக்கொண்டேதான் சொன்னார்கள்.

அப்பா தி.நகரில் ஒரு பாத்திரக்கடையில் பெயர் வெட்டுபவர். எவர்சில்வர் டம்ளர் விளிம்பில் எறும்பு அளவு எழுத்தைக் கண்ணாடி போடாமலே வெட்டுவார். அவருக்குக் கண் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நான் மட்டும் என்ன ஒழுங்கு? பள்ளிக்கூட வாசலில் பக்கவாட்டில் நின்று கையாட்டுவேன், அப்பா என்னைத் தாண்டிப் போவார். அதற்காக மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்தவள்தான் நானும்.

இரண்டு மாதம் கழித்து, சும்மா நின்றுகொண்டிருந்த தள்ளுவண்டியில் அப்பா ஸ்கூட்டரை மோதினார். அம்மா அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். நானும் போனேன். வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு இயந்திரத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அப்பா வெளியே வந்து, "எப்பனா ஒரு தபாதான்மா லைட்டு வந்துச்சு" என்றார். எல்லாப் பக்கத்திலும் வந்துகொண்டேதான் இருந்தது என்றாள் சோதனை செய்த பெண்.

கிளாக்கோமா. கண்ணுக்குள் ஊறுகிற நீர் வடிய வழியில்லாமல் அழுத்தம் ஏறி, பின்னாலிருக்கும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறது என்றார் டாக்டரம்மா. வலிக்காது. ஓரத்திலிருந்து பார்வை போகும். நடுவில் கடைசிவரை தெரியும். டம்ளர் எழுத்து தெரிந்ததும் தங்கை தெரியாததும் அதனால்தான். சொட்டு மருந்துக்கு அழுத்தம் அடங்காததால், நீர் வடியக் கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஒரு சின்ன வழி செய்து ஆபரேஷன் செய்தார்கள்.

எதிர்வீட்டுக்காரர் கண்புரை ஆபரேஷன் முடிந்த மறுநாளே காலண்டரில் ராகுகாலம் படித்தவர். நாங்களும் அப்படித்தான் எதிர்பார்த்தோம். கட்டுப் பிரித்ததும் அப்பாவின் இடது பக்கம் நின்று இரண்டு விரலைக் காட்டினேன்.

"எங்க கீற நீ?" என்றார்.

நான் நேராக டாக்டரம்மாவிடம் போய், ஏன் சரியாகச் செய்யவில்லை என்று சண்டை போட்டேன். "போன பார்வை திரும்பாதும்மா. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தத்தான் இந்த ஆபரேஷன்" என்றார் அவர். இது என்ன ஏமாற்று வேலை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா அப்பாவிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த மாதிரி நேரத்தில் தூது போவது குழந்தைகள்தானே, அப்பா வெளியே நடமாட ஆரம்பித்ததும் அதை என்னிடம் கொடுத்து, "அத்தை கைல குடுத்துட்டு வா, முக்கியம்" என்றார்.

அத்தை என்னைப் பேசவே விடவில்லை. "ஆபரேஷனுக்கு அப்பறமும் மார்க்கெட்டாண்ட என்னத் தாண்டித்தான் போனாரு உங்கப்பா. தம்மாத்தூண்டு எழுத்து தெரியுது, தங்கச்சி மூஞ்சி தெரியலயா? இன்னும் எத்தினி நாளுக்கு இந்த நடிப்பு?"

சீட்டு என் கைக்குள் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. அப்பாவுக்குக் கண் தெரியாது என்று டாக்டரம்மா எழுதிய சாட்சி, அதைக் காட்டி அப்பா மன்னிப்புக் கேட்கிறார் என்றே நினைத்தேன். இவளிடம் போய் அப்பா கெஞ்சுவதா? திரும்பும் வழியில் மந்தைவெளி ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில் அதைக் கிழித்துப் போட்டேன். வீட்டில், கொடுத்துவிட்டேன் என்றேன். அப்பா ஒரு வாரம் எதிர்பார்த்தார். பிறகு, "படிச்சிட்டுமா சும்மா கீறா" என்று ஒரே ஒருமுறை சொன்னார்.

ஊர் வழக்கப்படி, சண்டை தீர்ந்தும் தீராமலும் வருடங்கள் ஓடின. போன மாதம் என் மகனுக்குக் காதுகுத்து. வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நான் நின்றேன். அத்தை வந்தாள். என்னைத் தாண்டி நேராக உள்ளே போனாள். பழி தீர்த்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குப் பள்ளிக்கூட வாசலில் என்னைத் தாண்டிப் போன அப்பாதான் நினைவுக்கு வந்தார்.

மறுநாளே அடையாறில் ஒரு கண் டாக்டரிடம் அத்தையை அழைத்துப் போனேன். தங்கச்சிக்கும் அதேவா என்று அப்பாவும் கூடவே வந்தார். இப்போது லேசர் இருக்கிறது, கண்ணுக்குள் வைக்கிற மயிரிழைக் குழாய் இருக்கிறது, நோய் ஆரம்பத்திலிருந்தால் அதிலேயே அடக்கிவிடலாம் என்றார் டாக்டர். அத்தைக்கு அந்தக் கட்டம் எப்போதோ தாண்டிவிட்டதாம். இனிப் பெரிய ஆபரேஷன்தான், அதுவும் மிச்சத்தைக் காப்பாற்றுவதற்கு.

"இது குடும்பத்துல வரும். அண்ணனுக்கு வந்தப்பவே உங்களையும் செக் பண்ணிக்கச் சொல்லலயா?"

"யாரும் சொல்லலயே" என்றாள் அத்தை.

அந்தச் சீட்டு அப்பாவின் கண்ணைப் பற்றியதே இல்லை, அத்தையின் கண்ணைப் பற்றியது என்பது பத்து வயதில் எனக்குத் தெரியாது. அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் முகத்தை முழுதாகத் திருப்ப வேண்டும். திருப்பினார்.