தொரையின் ஏசியில் கேட்ட சத்தம்

பதுளையில் ஒரு கராஜில் ஏசி வேலைக்குச் சேர்ந்து எனக்கு அது மூன்றாவது மாதம். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றை நிர்வகிக்கும் தொரை தன் பழைய டபுள்கேப் வண்டியில் ஸ்வெட்டரோடு வந்து இறங்கினார். ஓட்டி வந்தவர் டிரைவர் பெரியசாமி அண்ணன். டேஷ்போர்டுக்குள் யாரோ அப்பளம் நொறுக்குவதுபோல் படபடவென்று சத்தம்.

அந்தக் குளிரில் ஏசி எதற்கு என்று புதியவர்கள் கேட்கலாம். ஏசி இருந்தால்தான் கண்ணாடியை ஏற்றியே வைத்திருக்க முடியும். கண்ணாடி இறங்கியிருந்தால் வழியில் நிற்கும் தொழிலாளர்கள் கிட்ட வந்து பேசிவிடுவார்கள். தோட்ட நிர்வாகத்துக்கு அது அத்தியாவசியமான கருவி.

"கம்ப்ரசர் போச்சு," என்றார் தொரை. "இவன்தான் மேட்டுல கன்னாபின்னான்னு இழுத்து ஒடச்சிட்டான். டிரைவர் பிழைன்னு எழுதிக் குடுங்க. நாளைக்கு வேற ஆளப் போடுறேன்."

"கம்ப்ரசரேதாங்க தொரை," என்றார் எங்கள் முதலாளி. பானெட் இன்னும் திறக்கப்படவில்லை.

"பதினெட்டு வருசமா ஓட்டுறேங்க தொரை," என்றார் பெரியசாமி அண்ணன்.

"அதான் தேஞ்சிருக்கு," என்றார் தொரை.

வேலை போனால் பெரியசாமி அண்ணனுக்குத் தோட்டத்து வீடும் போகும். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் ஏசி சுவிட்சை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டேன். சத்தம் அப்படியே இருந்தது. ஃபேன் வேகத்தைக் கூட்டினால் கூடியது, குறைத்தால் குறைந்தது. ஏசியை நிறுத்தினால் கம்ப்ரசர் வேலை செய்யாது. வேலை செய்யாத பொருள் சத்தம் போடாது. அப்படியானால் சத்தம் ஃபேன் இருக்கும் புளோவரில். இதற்குப் படிப்புகூடத் தேவையில்லை. சுவிட்சைத் தொட்டுப் பார்க்கும் விருப்பம் போதும்.

டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, புளோவரை இறக்கினேன். ஃபேன் இறக்கைகளில் காகிதம் காகிதமாகச் சிக்கியிருந்தது. ஒன்றை விரித்தேன். 'மதிப்புக்குரிய தொரை அவர்களுக்கு, மூன்றாம் லயத்தில் கூரை ஒழுகுவது பற்றி.' எழுத்து என்னுடையது. நான் அதே தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் என்பதால், லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், யாருக்கு மனு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள்.

"என்னா அது?" என்றார் தொரை.

"மனுங்க தொரை. ஒன்பது."

"எனக்குத்தான் மனுவே வாறதில்லயே. எப்புடி உள்ள போச்சு?"

பெரியசாமி அண்ணன் வாயைத் திறந்தார். "கண்ணாடி எறங்காதுன்னு சனங்க வைப்பர்ல சொருகிட்டுப் போறாங்க. மழையில வைப்பரப் போட்டா, கண்ணாடிக்குக் கீழ காத்து உள்ள போற வலை ஒடஞ்ச எடத்துல பூந்துருதுங்க. நான் எடுத்தா, தொரை கடிதத்த தொட்டேன்னு ஏசுவீங்க."

தொரை மனுக்களை விட்டுவிட்டு வைப்பருக்குக் கீழே எட்டிப் பார்த்தார். நிர்வாகம் தெரிந்தவர். "சரி. அந்த வலையப் புதுசா போட்டுக் குடுங்க."

வலை போட்டேன். ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது. செய்த வேலையை எழுதும் ஜாப் கார்டை எடுத்ததும் முதலாளி என் காதில் சொன்னார். "தம்பி, எல அடச்சிருந்துச்சுன்னு எழுதிரு."

"எல நாலுதான் முதலாளி."

எழுதினேன்: 'பிழை கம்ப்ரசரிலும் இல்லை, டிரைவரிடமும் இல்லை. புளோவரில் காகிதம். உள்ளிருந்து எடுத்து உரியவரிடம் ஒப்படைத்தவை: யூகலிப்டஸ் இலை 4, தொரைக்கு எழுதிய மனு 9.'

வண்டியிலிருந்து எடுத்த எதையும் வாடிக்கையாளர் கையில் கொடுத்து 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்குவது கராஜ் வழக்கம். தொரை அவசரத்தில் வாசிக்காமலே போட்டார். பழக்கதோஷத்தில் திகதியும் போட்டார்.

ஜாப் கார்டின் கார்பன் நகலைப் பெரியசாமி அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் வேலைக்கு அதுதான் காவல். இன்றைக்கும் அந்த டபுள்கேப்பை அவர்தான் ஓட்டுகிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள், மனு கொடுத்த ஒன்பது வீட்டுக்காரர்களும் அந்த நகலைப் போட்டோகொப்பி எடுத்துவிட்டார்கள். மனு கிடைத்ததாகத் தொரை கையெழுத்து வைத்த முதல் தாள் அது.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்வது இதுதான். சத்தம் கேட்டால் முதலில் ஏசியை நிறுத்திப் பாருங்கள். கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். கையெழுத்து வாங்காமல் வண்டியை விடாதீர்கள்.