பிரெஞ்சு டீச்சரின் எட்டு நாள்

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு, மதுரை தெற்கு வாசல் பக்கம் ஒரு சந்து வீட்டில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. வாய் கொஞ்சம் நீளம், தலைக்கனம் அதைவிட அதிகம்.

நான் பிறந்து படித்ததெல்லாம் புதுச்சேரி. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்துச் சான்றிதழ் வாங்கியவள். என் வீட்டுக்காரருக்கு மதுரையில் மில் வேலை கிடைத்ததால் இங்கே வந்து சேர்ந்தேன். மதுரையில் பிரெஞ்சு தெரிந்த பெண் என்றால் விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் பக்கத்து வீட்டார்கூட என்னைச் சற்று தள்ளி நின்றே பார்ப்பார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

அந்தச் சந்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். தகப்பனாருக்கு, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனில் ஜவுளிக்கடை. மகள் அங்கேயே பிறந்து, அங்கே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து, பதின்மூன்று வயதில் தாயோடு ஊர் திரும்பியவள். தமிழ் பேசுவாள், எழுத வராது. வீட்டிலிருந்தபடியே மெட்ரிகுலேஷன் எழுத ஏற்பாடு. தமிழுக்குப் பதில் பிரெஞ்சை எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் ஆசை. தகப்பனார் ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருந்தார். ஒரே தடவைதான் பரீட்சை. தேறினால் சென்னைக்கு அனுப்புவார், தவறினால் புத்தகத்தை மூடிவிட வேண்டும்.

வாரத்தில் ஐந்து நாள் மத்தியானம் போவேன். புதுச்சேரியில் எனக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார்களோ அப்படியே சொல்லிக் கொடுத்தேன். நான் வாசிக்க வாசிக்க அவள் எழுத வேண்டும், பிறகு இலக்கணம், பிறகு கட்டுரை. புரியாத இடத்தைத் தமிழில் விளக்குவேன். அவள் பிரெஞ்சு மழலையிலிருந்தே வந்த பிரெஞ்சு, சில சமயம் என்னையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஒரு பிழை கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இவள் முதல் மார்க் வாங்குவாள், ஊர் முழுக்க என் பெயர் பரவும் என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

பரீட்சைக்கு ஏழு வாரம் இருக்கும்போது சென்னையிலிருந்து யாரோ பழைய கேள்வித்தாள் ஒன்றைத் தபாலில் அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெண் அதை என்னிடம் நீட்டினாள்.

"டீச்சரம்மா, இதுல பிரெஞ்சைப் படிச்சிட்டு இங்கிலீஷ்ல எழுதச் சொல்லியிருக்கு. அப்புறம் இங்கிலீஷைப் பிரெஞ்சுல எழுதணுமாம். கட்டுரையே இல்லையே?"

வாங்கிப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனாலும் பிரெஞ்சுக்கும் அதற்கும் பாதி வார்த்தைகள் ஒன்றுபோல இருப்பதால் விஷயம் பிடிபட்டுவிட்டது. பிரெஞ்சுப் பரீட்சை என்றால் பிரெஞ்சில் எழுதுவது, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு வருஷமாக இருந்துவிட்டேன். அவர்களும் சைகோனில் பார்த்ததை வைத்து அப்படியே நினைத்துவிட்டார்கள். இது இங்கிலீஷ்காரன் சீமைப் பரீட்சை என்பது எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? தாளை மடித்து அவள் கையில் கொடுத்து, "இது ரொம்பப் பழசு. இப்போ மாத்திட்டாங்க" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. அவள் என் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "சரிங்க டீச்சரம்மா" என்று நோட்டைத் திறந்தாள்.

மறுநாள் டவுனில் ஒரு புத்தகக்கடைக்குப் போய்ப் பாடத்திட்டத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஏதாவது அதிசயம் நடந்து, நான் சொன்ன பொய் உண்மையாகி இருக்காதா என்ற நப்பாசை. கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஒன்றும் மாறவில்லை.

அதற்குப் பிறகும் தினம் போனேன். போய், அதே பழைய பாடத்தை நடத்தினேன். சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் என்னவென்று கேட்டால் எரிந்து விழுந்தேன். சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் போட்டுப் பார்ப்பேன். இங்கிலீஷ் தெரியாத டீச்சர் என்று தெற்கு வாசல் முழுக்கச் சிரிக்கும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் தோற்பாள். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழி தானாக முளைக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் முளைக்கவில்லை, நாள்தான் போனது.

எட்டாவது நாள் அந்தப் பெண்ணின் தாயார் தட்டில் பலகாரம் கொண்டுவந்து வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அதிகம் பேசவும் மாட்டார்.

"சைகோன்லேருந்து புள்ளயோட அத்தா காயிதம் போட்டிருக்காக டீச்சரம்மா. சென்னைல புள்ள தங்குறதுக்கு ஒரு வீடு பேசி வச்சிட்டாகளாம்."

கையில் எடுத்த பலகாரத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டேன். வார்த்தை என்னை மீறி வந்தது. பரீட்சை வேறு மாதிரி, நான் சொல்லிக் கொடுத்தது வேறு மாதிரி, அந்தத் தாள் பழையது என்று சொன்னது பொய், எனக்கு இங்கிலீஷ் தெரியாது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் பதறவில்லை. "தெரியும்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அன்னைக்கே புள்ள சொல்லிட்டா. டீச்சரம்மா முகம் வெளுத்துப்போச்சும்மா, அவங்களுக்குத் தெரியலை போலன்னு சொன்னா. நாந்தான் கேட்டுருவோம்னேன். அவ விடமாட்டேன்னுட்டா. சொல்லிக் குடுக்குறவங்களை நிக்கவச்சுக் கேக்கக்கூடாதும்மா, அவங்களாச் சொல்லுவாங்கன்னு ஒரே பிடிவாதம்."

"நான் சொல்லாமலே இருந்திருந்தால்?"

"பெயிலாயிருப்பா. வேறென்ன செய்யிறது?"

கோபமே இல்லாமல் சொன்னார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அந்தப் பெண் சுவரோரமாக உட்கார்ந்து நோட்டின் மூலையைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வெட்கப்பட வேண்டியவள் நான், தலை குனிந்திருந்தது அவள்.

வழி சொன்னதும் அந்த அம்மாள்தான். மகளுக்கு இங்கிலீஷும் கணக்கும் சொல்லிக் கொடுக்க ஒரு வாத்தியார் தினம் காலையில் சோழவந்தானிலிருந்து ரயிலில் வருவார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் சம்சாரிக் குடும்பத்துக்காரர், ஐம்பது வயது என்றார்கள். வயது வந்த பெண் என்பதால் நடுவில் திரை போட்டிருப்பார்கள். அவர் வெளிக்கூடத்தில் இருந்து பாடம் சொல்வார், அவள் உள்ளே இருந்து கேட்பாள். ஒரே வீட்டுக்கு ஒரு வருஷமாக வந்துபோயும் நானும் அவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறுநாளிலிருந்து நானும் காலையிலேயே வந்து, அவளோடு திரைக்கு உள்ளே உட்கார்ந்தேன்.

விஷயம் தெரிந்ததும் வாத்தியார் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

"ஏம்மா, ஒரு வருசமா என்னத்தச் சொல்லிக் குடுத்தீக? இன்னும் எம்புட்டு நாள் இருக்குன்னு தெரியுமா? சரி சரி, நாளையிலேருந்து நான் முதல் வண்டிக்கே வாரேன். நீங்க தமிழ்ல சொல்லுங்க, நான் இங்கிலீஷாக்குறேன்."

அப்படித்தான் நடந்தது. நான் பிரெஞ்சை வரிவரியாகத் தமிழில் பிரிப்பேன், அவர் அந்தத் தமிழை இங்கிலீஷில் கட்டுவார், அந்தப் பெண் இரண்டையும் காதில் வாங்கி எழுதுவாள். பிறகு தலைகீழாக, அவர் இங்கிலீஷில் தொடங்கி என்னிடம் வந்து முடிப்பார். கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும், எங்களுக்குச் சிரிக்க நேரமில்லை. பிரெஞ்சில் மீனாக நீந்துகிறவள், அதை இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால் திணறிப்போவாள். நல்ல வாக்கியத்தின் நடுவில் ஒரு பிரெஞ்சு வார்த்தை வந்து விழுந்துவிடும். ஒவ்வொரு தடவை விழும்போதும் எனக்கு அந்த எட்டு நாள்தான் ஞாபகம் வரும்.

பரீட்சை அன்று பெண்களுக்குத் தனி அறை போட்டிருந்தார்கள். நானும் அந்த அம்மாளும் ஜட்கா வண்டியில் திரையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஒரே புழுக்கம். அந்த அம்மாள் உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தார். எனக்கு என்ன வேண்டிக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. மணி அடித்து அவள் வெளியே வந்து வண்டியில் ஏறினாள். கை முழுக்க மை.

"எல்லாம் தெரிஞ்சதுதான் டீச்சரம்மா. எழுதத்தான் நேரம் பத்தலை. கடைசிக் கேள்வில பாதி விட்டுட்டேன்."

அவள் என்னைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். நான் வண்டியின் பலகையைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். முடிவு வரும்வரை இரண்டு மாதம், அந்தச் சந்துப் பக்கம் போகவே கால் வரவில்லை.

பேப்பரில் எண் வந்த அன்று, சோழவந்தான் வாத்தியார் வெயிலில் நடந்து என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். அன்றுதான் அவர் முகத்தை முதல்முதலாகப் பார்த்தேன். "புள்ள தேறிருச்சும்மா" என்றார். ஒரு சொம்பு தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு, "போறேன், அங்க போய்ச் சொல்லணும்" என்று கிளம்பிவிட்டார். பெற்ற தாய்க்கு முன்னால் எனக்கு வந்து சொல்லியிருக்கிறார் என்பது, அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மார்க் பட்டியல் பிறகு வந்தது. கணக்கிலும் இங்கிலீஷிலும் நன்றாக வாங்கியிருந்தாள். இருப்பதிலேயே குறைவு பிரெஞ்சு. இன்னும் நான்கு மார்க் குறைந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பேசப் பழகிய நாளிலிருந்து அவள் வாயில் புழங்கிய பாஷை அது. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னபோது, எனக்குத் தலை நிமிரவில்லை.

அவள் இப்போது சென்னையில் படித்துக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பிரெஞ்சில்தான் கடிதம் எழுதுவாள், ஒரு பிழை இருக்காது. ஒவ்வொரு கடிதத்தையும் பிரிக்கும்போது மனசு ஒருமுறை பதறி அடங்குகிறது. என் மானம் போகக்கூடாது என்று நான் அவள் படிப்பைக் காவு கொடுக்கப் பார்த்தேன். அதே என் மானத்துக்காக அந்தப் பெண்ணும் தன் படிப்பு போனால் போகட்டும் என்று எட்டு நாள் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள் என்பதை இன்றுவரை என்னால் சாதாரணமாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.