கைதட்டல் இல்லாத கேசட்

என் வாழ்நாளில் ஒரே ஒரு கச்சேரியைத்தான் நான் ஒலிப்பதிவு செய்திருக்கிறேன். அப்போது நாலாம் வகுப்பு. அந்த வேலையை என்னைவிடக் கச்சிதமாக ஆம்பூரில் வேறு யாரும் செய்திருக்க முடியாது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பாடியது என் அத்தை, அப்பாவின் தங்கை. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. சிமெண்டுத் தரையில் இரும்புக் கட்டிலை இழுத்தால் வருமே, அப்படி ஒரு குரல். சளி பிடித்திருக்கிறதா என்று அவளைக் கேட்காத ஆளில்லை. அந்தக் குரலை வைத்துக்கொண்டு தானே பாட்டும் கட்டினாள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பெண்ணின் தோளில் தூங்கி விழுவதைப் பற்றி ஒன்று. விரலில் ஊசி ஏறியதைப் பற்றி ஒன்று. தான் தைத்த ஷூ எந்த ஊர்க் காலில் இருக்கிறதோ, அந்தக் கால் சௌக்கியமா என்று விசாரித்து ஒன்று. எல்லாமே ஷூ டப்பா மூடியின் உள்பக்கத்தில் எழுதியவை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பாட ஆரம்பித்தால், கூட வேலை செய்பவர்கள் கை காய்வதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்களாம்.

வீட்டில் மட்டும் அவள் பாடமாட்டாள். காரணம் தாத்தா. சர்ச் பாடகர் குழுவை முப்பது வருஷம் நடத்தியவர். அத்தைக்குப் பன்னிரண்டு வயதானபோது, பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தால் போதும், சத்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அத்தை இரண்டு வருஷம் வாயை அசைத்துப் பார்த்துவிட்டு, குழுவுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டாள்.

கம்பெனிப் பெண்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கல்யாண மண்டபம் பிடித்தார்கள். ஒரு மணி நேரம், அத்தையின் பாட்டு மட்டும். கூட வேலை செய்யும் ஒரு அக்காவின் வீட்டுக்காரர் வாணியம்பாடியிலிருந்து டோலக்கோடு வந்தார். அத்தை தாத்தாவையும் கூப்பிட்டாள். முட்டி வலி என்றார். காலையில் அதே முட்டியோடு சர்ச்சுக்குப் போய் வந்தவர்தான். அத்தை வற்புறுத்தவில்லை. கேசட்டில் பிடித்து வந்து போட்டுக் காட்டிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள். ஒரு கூட்டம் உட்கார்ந்து தன் குரலைக் கேட்டது என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

பதிவு செய்ய வேண்டிய அப்பாவுக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் டியூட்டி விழுந்துவிட்டது. ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னை என்னிடம் ஒப்படைத்து, டேப் கம்மியாகத்தான் இருக்கிறது, பாட்டை மட்டும் பிடி, வெட்டியாக ஓடவிடாதே என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். எனக்கு அது போதாதா?

முன்வரிசையில் டூ-இன்-ஒன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பாட்டு முடிந்ததோ இல்லையோ, பொத்தானை அமுக்கிப் பதிவை நிறுத்திவிடுவேன். கைதட்டல் ஓயும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். அடுத்த பாட்டுக்கு டோலக்கில் அடி விழுந்ததும் மறுபடி ஓடவிடுவேன். எவ்வளவு டேப்பை மிச்சம் பிடித்தேன் என்று அப்பாவிடம் காட்ட வேண்டுமே. அதனால் கேசட் அட்டையில் ஒவ்வொரு பாட்டுக்கு நேராகவும் அந்த எண்ணை எழுதி வைத்தேன். பஸ் பாட்டுக்கு ஒன்பது. ஊசிப் பாட்டுக்கு முப்பத்து நாலு. கால் பாட்டுக்கு நாற்பத்தொன்று. அதற்குள் சில பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த, யாரென்றே தெரியாத ஒரு அம்மாவிடம் எங்க அத்தை, எங்க அத்தை என்று இரண்டு தடவை சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் தாத்தாவின் கட்டிலருகே ஸ்டூல் போட்டு டூ-இன்-ஒன்னை வைத்தோம். அத்தையும் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறாள். தாத்தா கண்ணை மூடிக்கொண்டார். முதல் பாட்டு முடிந்தது. டக் என்று ஒரு சத்தம், உடனே இரண்டாவது பாட்டு. மறுபடி டக், மூன்றாவது. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாராட்டுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் தாத்தா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"ஏம்மா, ஆளுங்க யாரும் வர்லியா?"

அவர் கேலி செய்யவில்லை. நிஜமான வருத்தத்தோடுதான் கேட்டார். மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தார்கள் என்று அத்தை சொன்னாள். சொன்ன குரலில் பலமே இல்லை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கேசட் அட்டையை எடுத்து அவர் கையில் திணித்தேன். "தட்டினாங்க தாத்தா. ஜாஸ்தியா தட்டினாங்க. டேப்பு வேஸ்ட்டா பூடும்னு நான்தான் நிறுத்திட்டேன். எண்ணி எழுதிக்கிறேன், பாருங்க."

தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை மேலிருந்து கீழே படித்தார். பிறகு முதலிலிருந்து போடச் சொன்னார். பஸ் பாட்டு முடிந்ததும் நிறுத்தச் சொன்னார். அவருடைய உதடு அசைந்தது. ஒன்பது வரை எண்ணிவிட்டு, போடு என்றார். ஒவ்வொரு பாட்டுக்கும் இப்படியே. ஊசிப் பாட்டுக்குப் பின் முப்பத்து நாலு வரை அந்த அறையில் யாரும் பேசவில்லை. அத்தை சுவரில் சாய்ந்து அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் எண்ணிக்கையைச் சரி பார்க்கிறார் என்று நினைத்து நானும் கூடவே எண்ணினேன்.

கடைசிப் பாட்டுக்கு நேராக எண் இல்லை. ஏன் என்று கேட்டார். நானும் சேர்ந்து தட்டியதால் எண்ண முடியவில்லை என்றேன்.

தாத்தா அட்டையைக் கீழே வைக்கவே இல்லை. எங்கள் சர்ச்சில் கைதட்டும் வழக்கம் கிடையாது. எவ்வளவு உருகிப் பாடினாலும், போதகர் எழுந்து ஜெபம் செய்வோம் என்பார், எல்லோரும் தலை குனிந்துகொள்வார்கள். முப்பது வருஷமும் அப்படித்தான்.

"அவங்க தட்டும்போது நீ கைய எங்க வச்சிப்ப?" என்று அத்தையைக் கேட்டார்.

அத்தை யோசித்தாள். "மொதல்ல ஒண்ணும் தெரிலப்பா. அப்புறம் மைக்க கெட்டியா புடிச்சிக்கினேன்."

தாத்தா சரி என்பதுபோலத் தலையாட்டினார். ஊருக்கே பாட்டுச் சொல்லிக்கொடுத்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தை என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். கைதட்டலையெல்லாம் விட்டுவிட்டு வந்ததற்கு அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சிரிப்புக்கு எதற்காகக் குட்டினாள் என்று எனக்குப் புரியவில்லை.